ஜோயி ரமோனும் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அனிமேஷன் நகைச்சுவைத் தொடரான 'தி சிம்ப்சன்ஸ்' தொடங்கிய காலத்திலிருந்தே இசைக்கலைஞர்களைத் தங்கள் சொந்தப் பெயரிலேயே கார்ட்டூன் பாத்திரங்களாக்கி அழைத்து வந்திருக்கிறது. அந்த வரிசையில் நியூயார்க்கின் பங்க் ராக் குழுவான ரமோன்ஸும் அதன் பாடகர் ஜோயி ரமோனும் வந்துபோகும் காட்சி ஒரு நிமிடம்கூட ஓடாது. ஆனாலும் தொடரின் ரசிகர்களும் பங்க் இசை கேட்பவர்களும் இன்றுவரை அதைப் பற்றிக் கேள்வி எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அவற்றுள் அடிக்கடி காதில் விழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

ரமோன்ஸ் குழு எந்த எபிசோடில் தோன்றியது?

ஐந்தாம் சீசனின் நான்காவது எபிசோடான 'ரோஸ்பட்' என்பதில் தோன்றியது. ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அது 1993 அக்டோபர் 21 அன்று முதன்முதலாக ஒளிபரப்பானது. எழுதியவர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர், இயக்கியவர் வெஸ் ஆர்ச்சர். ஜோயி, ஜானி, சி.ஜே., மார்க்கி ஆகிய நால்வரும் தங்கள் பாத்திரங்களுக்குத் தாங்களே குரல் கொடுத்தார்கள்.

ஒளிபரப்பில் நான்காவதாக வந்தாலும், அந்த சீசனுக்கென முதலில் தயாரிக்கப்பட்டது இந்த எபிசோடுதான். தொடரின் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருந்த டேவிட் மிர்க்கின் தலைமையில் உருவான முதல் எபிசோடும் இதுவே. ஆனால் சீசனைத் தொடங்கிவைத்தது, பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் குரல் கொடுத்த வேறொரு எபிசோடு. ஒரு பீட்டிலுக்காக ரமோன்ஸ் காத்திருக்க நேர்ந்தது பொருத்தமில்லாததும் அல்ல. அந்தக் குழுவின் பெயரே ஒரு பீட்டிலிடமிருந்து வந்ததுதான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

எபிசோடின் கதை என்ன?

ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து அணுமின் நிலையத்தின் முதலாளி திரு. பர்ன்ஸ், சிறு வயதில் பணக்கார வாழ்வுக்காகத் தன் வீட்டையும் 'போபோ' என்ற கரடி பொம்மையையும் விட்டுவிட்டுப் போனவர். முதுமையில் அந்தப் பொம்மைக்காக ஏங்குகிறார். பொம்மையோ லிண்ட்பர்கின் விமானத்தில் ஏறி, ஹிட்லரின் பதுங்கு அறையைப் பார்த்துவிட்டு, வட துருவப் பனியில் உறைந்துபோய், கடைசியில் ஒரு ஐஸ் கட்டிப் பைக்குள் ஸ்பிரிங்ஃபீல்டின் கடைக்கே வந்து சேர்ந்து, சிம்ப்சன் வீட்டுக் கைக்குழந்தை மேகியின் கையில் கிடைக்கிறது. ஆர்சன் வெல்ஸ் 1941-இல் எடுத்த 'சிட்டிசன் கேன்' படத்தைப் பகடி செய்யும் கதை இது என்பதைத் தலைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது: அந்தப் படத்தின் நாயகன் சாகும்போது சொல்லும் கடைசிச் சொல் 'ரோஸ்பட்'.

ரமோன்ஸ் வருவது பர்ன்ஸின் பிறந்தநாள் விழாவில். எல்லாம் இருந்தும் எதிலும் மகிழ்ச்சி இல்லாத ஒரு கிழவருக்கு நகரமே கூடி விழா எடுக்கிறது. அமெரிக்க அதிபர் பதவியில் ஒரே ஒரு முறை மட்டும் இருந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்று மூத்த ஜார்ஜ் புஷ்ஷையே வாசலில் திருப்பி அனுப்புகிற அளவுக்கு அது பெரிய விழா.

அந்தக் காட்சியில் சரியாக என்னதான் நடக்கிறது?

பர்ன்ஸின் உதவியாளர் ஸ்மிதர்ஸ் மேடைக்கு வந்து, எதிர்காலத்தில் வெகுதூரம் போகப்போகிற அருமையான சில இளைஞர்கள் என்று குழுவை அறிமுகப்படுத்துகிறார். 'இந்தப் பாணர்கள் என் நொந்துபோன நரம்புகளுக்கு இதமளிப்பார்கள்' என்ற தோரணையில் பர்ன்ஸ் சாய்ந்து உட்காருகிறார். கறுப்புத் தோல் ஜாக்கெட்டுகளும் கலைந்த தலைமுடியுமாக நால்வர் நிற்கிறார்கள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஜோயி சொல்லும் முதல் வாக்கியமே, இந்தக் கச்சேரி படுமட்டம் என்பதுதான். இன்னொருவர் ஊர் மொத்தத்துக்குமாகச் சேர்த்து ஒரு வசவு விடுகிறார். உடனே ஒன்று முதல் நான்கு வரை எண்ணி, 'ஹேப்பி பர்த்டே' பாட்டை அவர்களுடைய வழக்கமான வேகத்தில் அடித்துத் தள்ளுகிறார்கள். பர்ன்ஸின் பெயர் வர வேண்டிய இடத்தில் 'பர்ன்சி' என்று செல்லமாக அழைப்பதும் உண்டு. பாட்டு முடிந்த கையோடு, நாசமாய்ப் போ கிழவா என்ற பொருளில் ஒரு வாழ்த்து.

அதன் பிறகு டிரம்ஸ் வாசிக்கும் மார்க்கி, 'அவர்களுக்கு நம்மைப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்' என்கிறார். பர்ன்ஸோ ஸ்மிதர்ஸ் பக்கம் திரும்பி, ரோலிங் ஸ்டோன்ஸைத் (வேறொரு பழைய பிரிட்டிஷ் ராக் குழு) தீர்த்துக்கட்டிவிடு என்று உத்தரவிடுகிறார். 'ஐயா, அவர்கள் ரோலிங்...' என்று ஸ்மிதர்ஸ் தொடங்கும்போதே, 'சொன்னதைச் செய்' என்று வெட்டிவிடுகிறார். காட்சி அவ்வளவுதான்.

கவனித்துக் கேட்பவர்களுக்கு இன்னொரு சுவையும் உண்டு. பர்ன்ஸுக்கும் ஸ்மிதர்ஸுக்கும் குரல் கொடுப்பவர் அப்போது ஒருவர்தான்: ஹாரி ஷியரர். கட்டளையிடும் முதலாளியும் திருத்த முயன்று தோற்கும் உதவியாளரும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறார்கள். 'ஸ்பைனல் டாப்' என்ற கற்பனை ராக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவராக நடித்து, ராக் உலகத்தின் அசட்டுத்தனங்களைப் பல ஆண்டுகள் நையாண்டி செய்தவரும் இவரே.

ஜோயி ரமோன் என்பவர் யார்?

இயற்பெயர் ஜெஃப்ரி ஹைமன். 1951 மே 19 அன்று நியூயார்க்கில் பிறந்து, குவீன்ஸ் பகுதியின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் வளர்ந்தவர். ஆறரை அடி உயரம், ஒடிசலான உடம்பு, கண்ணை மறைக்கும் முடி, அதற்கும் மேல் நிறக் கண்ணாடி; மேடையில் ஒலிவாங்கிக் கம்பத்தை ஊன்றுகோலாகப் பிடித்தபடி ஒரு காலை முன்னே வைத்துச் சாய்ந்து நிற்பார். 1974-இல் குழு தொடங்கியபோது அவர் டிரம்ஸ் வாசித்தார். சில மாதங்களுக்குள் பாடகரானார். அதே ஆண்டு ஆகஸ்டில் மன்ஹாட்டனின் பவரி சாலையிலிருந்த சி.பி.ஜி.பி. என்ற சிறிய கூடத்தில் அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். பின்னாளில் நியூயார்க் பங்கின் பிறந்த வீடு என்று பெயர் பெற்றது அந்தக் கூடம்தான்.

1976 ஏப்ரலில் வந்த முதல் இசைத்தட்டைப் பதிவு செய்ய ஆன செலவு சுமார் 6,400 டாலர். 14 பாடல்கள், மொத்தம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. அந்தக் காலத்து ராக் குழுக்கள் ஒரே பாட்டை இருபது நிமிடம் இழுத்துக்கொண்டிருந்தன. அந்தச் சூழலில் இரண்டு நிமிடப் பாட்டும் மூன்று சுரக்கூட்டுகளும் போதும் என்று இவர்கள் வந்து நின்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் அவர்கள் நடத்திய கச்சேரிகள், பிரிட்டனில் அப்போது முளைவிட்டுக்கொண்டிருந்த பங்க் அலைக்கு உரமாயின.

நால்வரும் அண்ணன் தம்பிகளா?

இல்லை. ரமோன் என்பது யாருடைய இயற்பெயரும் அல்ல. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இளமையில் சில காலம் 'பால் ரமோன்' என்ற புனைபெயரைப் பயன்படுத்தினார். அதை எடுத்துத் தங்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். பின்னால் குழுவில் சேர்ந்தவர்களும் அதையே ஏற்றார்கள். உறவுமுறை இல்லாவிட்டாலும், ஜானியும் சி.ஜே.யும் பிறந்த தேதி ஒன்றுதான்: அக்டோபர் 8. ஆண்டுகள் மட்டும் 17 இடைவெளி.

பேஸ் கிதார் கலைஞர் டீ டீ ரமோன் ஏன் கார்ட்டூனில் இல்லை?

அவர் 1989-இல் குழுவை விட்டு விலகிவிட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர்தான் சி.ஜே. தொடக்கக் கால டிரம்ஸ் கலைஞர் டாமியும் அதற்கு வெகு முன்பே மேடையை விட்டிருந்தார். ஆகவே கார்ட்டூனில் நாம் பார்ப்பது 1993-இல் உண்மையில் ஊர் ஊராகச் சென்று வாசித்துக்கொண்டிருந்த அணியைத்தான். பழைய புகழ்பெற்ற முகங்களைத் தேடிப் பிடித்து நிறுத்தாமல் அன்றிருந்த குழுவையே வரைந்தது நல்ல முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

பர்ன்ஸ் ஏன் அவர்களை ரோலிங் ஸ்டோன்ஸ் என்று நினைக்கிறார்? இதில் வெறும் ஞாபக மறதியைத் தாண்டி ஏதாவது உண்டா?

மேலோட்டமாகப் பார்த்தால் அது கிழவரின் மறதிதான். எந்தக் காலத்தில் வாழ்கிறோம் என்றே தெரியாத பாத்திரம் பர்ன்ஸ். அவருடைய பேச்சு முழுக்கப் பழங்காலத்துச் சொற்கள். அவருக்கு எட்டிய கடைசி ராக் குழுவின் பெயர் ரோலிங் ஸ்டோன்ஸ் என்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பெயரை விட்டு வேறு எந்தப் பெயரை அங்கே வைத்தாலும் நகைச்சுவை பாதியாகிவிடும். பங்க் இசை தோன்றியபோது அது யாருக்கு எதிராகத் தோள் தட்டியதோ, அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ். மாபெரும் அரங்குகள், மாளிகைகள், நடுத்தர வயது. தி கிளாஷ் என்ற லண்டன் பங்க் குழு 1977-இல், எல்விஸும் வேண்டாம், பீட்டில்ஸும் வேண்டாம், ரோலிங் ஸ்டோன்ஸும் வேண்டாம் என்று பாட்டிலேயே அறிவித்திருந்தது. எதை எதிர்த்துப் பிறந்தார்களோ, அந்தப் பெயராலேயே ரமோன்ஸைத் தண்டிக்கச் சொல்கிறார் பர்ன்ஸ்.

இதற்கு அடியில் இன்னும் கசப்பான ஒரு உண்மை இருக்கிறது. ரமோன்ஸின் செல்வாக்கு எவ்வளவு பெரியதோ, விற்பனை அவ்வளவு சிறியது. அவர்களுடைய முதல் இசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலில் 111-ஆம் இடத்தைத் தாண்டி மேலே ஏறவில்லை. பட்டியலில் அவர்கள் தொட்ட உச்சம் 1980-இல் வந்த ஆல்பத்துக்குக் கிடைத்த 44-ஆம் இடம். தனிப்பாடல்களில் 66-ஆம் இடமே அதிகபட்சம். இப்படி, குழு தொடங்கிப் 19 ஆண்டுகள் ஆன பிறகு, 42 வயதான பாடகரை வைத்துக்கொண்டு, வெகுதூரம் போகப்போகிற இளைஞர்கள் என்று ஸ்மிதர்ஸ் அறிமுகப்படுத்துகிறார். அடுத்த நொடியே அவர்கள் வேறு யாரோ என்று தவறாக அடையாளம் காணப்படுகிறார்கள். கடைசியில் அவர்களைப் பாராட்டுவது அவர்களே. ரமோன்ஸின் வாழ்க்கை வரலாற்றை ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவு சரியாகச் சொன்ன வேறு எதையும் நான் கண்டதில்லை. எழுதியவர் இத்தனையும் யோசித்தாரா என்பது வேறு விஷயம். குழுவை நன்றாக அறிந்தவர்கள்தான் அப்படி எழுத முடியும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எபிசோடு ஒளிபரப்பாகிச் சில வாரங்களில், 1993 டிசம்பரில், ரமோன்ஸ் 'ஆசிட் ஈட்டர்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். 1960-களின் பாடல்களைத் தங்கள் பாணியில் பாடிய தொகுப்பு அது. அதில் ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதிய ஒரு பாடலும் உண்டு. ஆகவே பர்ன்ஸ் சொன்னது முழுத் தவறு என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

உண்மையான ரோலிங் ஸ்டோன்ஸ் தொடரில் வந்தார்களா?

வந்தார்கள். 2002 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பான எபிசோடில், ராக் இசைப் பயிற்சி முகாம் நடத்துபவர்களாக மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் தங்கள் குரலிலேயே வந்தார்கள். பர்ன்ஸின் உத்தரவை ஸ்மிதர்ஸ் நிறைவேற்றவில்லை என்பதற்கு அதுவே சான்று.

கார்ட்டூனுக்குக் குரல் பதிவு செய்யும் வேலை எப்படி நடக்கும்?

நேரடிப் படப்பிடிப்பைப் போல நடிகர்கள் ஒரே நாளில் வந்து நடித்துவிட்டுப் போவது இதில் கிடையாது. திரைக்கதை முடிந்ததும் முதலில் குரல்கள் பதிவாகும். அந்தப் பேச்சின் நீளத்தையும் ஏற்ற இறக்கத்தையும் வைத்துத்தான் ஓவியர்கள் காட்சிகளை வரைந்து, வாயசைவையும் உடலசைவையும் திட்டமிடுவார்கள். பிறகு முழு வரைவேலை தென்கொரியாவிலுள்ள கூடங்களுக்குப் போய், அங்கே ஆயிரக்கணக்கான சட்டகங்கள் வரைந்து வண்ணம் தீட்டப்பட்டுத் திரும்பி வரும். 1990-களில் இந்தத் தொடருக்கு வண்ணம் தீட்டியதெல்லாம் கையால்தான். குரல் கொடுத்ததற்கும் ஒளிபரப்புக்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடும்.

ஜோயியைப் பொறுத்தவரை இந்த முறை சாதகமாகவே அமைந்தது. மூக்கடைத்தாற்போன்ற குவீன்ஸ் பேச்சுவழக்கு, இழுத்து இழுத்துச் சொல்லும் சோம்பல், அதற்குள் ஒளிந்திருக்கும் இனிமை ஆகியவற்றைக் கேட்டபிறகுதான் ஓவியர்கள் பென்சிலை எடுக்கிறார்கள். அதனால் அந்த மஞ்சள் நிற நாலு விரல் உருவம் வாய் திறந்தவுடனேயே ஜோயியாகிவிடுகிறது.

ரமோன்ஸ் குழுவினருக்கு இந்தத் தொடர் பிடித்திருந்ததா?

அளவுக்கு மீறிய வெறி கொண்ட சிம்ப்சன்ஸ் ரசிகர்கள் என்றே அவர்களை டேவிட் மிர்க்கின் வர்ணித்திருக்கிறார். தன் இசைவாழ்வின் உச்சங்களில் ஒன்றாக இந்தத் தோற்றத்தை மார்க்கி பின்னாளில் குறிப்பிட்டார். மேடைக்கு வெளியே ஜோயியும் ஜானியும் பல ஆண்டுகளாக ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். அரசியலிலும் ஒருவர் இடதுபக்கம், மற்றவர் வலதுபக்கம். அப்படிப்பட்டவர்கள் இந்த அழைப்பை ஒருமனதாக ஏற்றார்கள் என்பதே அவர்களுடைய ஆர்வத்துக்கு அளவுகோல்.

இதற்கு முன்பு ரமோன்ஸுக்கும் கார்ட்டூனுக்கும் தொடர்பு இருந்ததா?

நிறையவே இருந்தது. அவர்களே பாதி கார்ட்டூன் பாத்திரங்கள்தான் என்றுகூடச் சொல்லலாம். ஒரே மாதிரி ஜாக்கெட், ஒரே மாதிரி கிழிந்த ஜீன்ஸ், ஒரே குடும்பப் பெயர். ஆளுக்கு ஆள் மாறாத இந்த உருவங்களை நான்கு கோட்டில் வரைந்துவிடலாம். 'பங்க்' இதழின் ஓவியர் ஜான் ஹோம்ஸ்ட்ராம் 1977-இல் வந்த 'ராக்கெட் டு ரஷ்யா' ஆல்பத்தின் பின்னட்டையையும் அடுத்த ஆண்டு வந்த 'ரோட் டு ரூயின்' ஆல்பத்தின் முன்னட்டையையும் கார்ட்டூனாகவே வரைந்தார். குழுவின் புகழ்பெற்ற கழுகுச் சின்னமும் அப்படியொரு குறும்புதான்: ஆர்துரோ வேகா என்ற ஓவியர் அமெரிக்க அதிபரின் முத்திரையை எடுத்து, கழுகின் காலில் பேஸ்பால் மட்டையைக் கொடுத்தார்.

1979-இல் ரோஜர் கோர்மன் தயாரித்த 'ராக் அண்ட் ரோல் ஹை ஸ்கூல்' என்ற நகைச்சுவைப் படத்தில் தாங்களாகவே நடித்தார்கள். அதில் பேசத் தெரியாமல் விழிப்பவர்கள் 'ரோஸ்பட்' எபிசோடில் வெளுத்து வாங்குகிறார்கள். முகம் தெரியாமல் குரல் மட்டும் கொடுப்பது அவர்களுக்கு நடிப்பைவிட எளிதாக இருந்திருக்கிறது. 1995-இல், பழைய கார்ட்டூன் தொடர்களின் பாடல்களைப் பல ராக் குழுக்கள் பாடிய ஒரு தொகுப்புக்காக 'ஸ்பைடர்மேன்' தொடரின் தலைப்புப் பாடலையும் பாடினார்கள்.

'ஹேப்பி பர்த்டே' பாட்டுக்கு அப்போது காப்புரிமை இருந்ததா?

இருப்பதாகத்தான் அன்று எல்லோரும் நடந்துகொண்டார்கள். கென்டக்கியைச் சேர்ந்த ஹில் சகோதரிகள் 1893-இல் வெளியிட்ட ஒரு பள்ளிக்கூடப் பாட்டின் மெட்டு அது. பாட்டின் உரிமை 1988 முதல் வார்னர் சேப்பல் என்ற பெரிய இசை வெளியீட்டு நிறுவனத்திடம் இருந்தது. திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் பாடினால் கட்டணம் கேட்பார்கள். அமெரிக்கத் தொடர்களில் பிறந்தநாள் கொண்டாடுபவர்கள் பல நேரம் வேறு ஏதாவது பாட்டைப் பாடி ஒப்பேற்றியதற்குக் காரணம் இதுதான். அந்த உரிமைக் கோரிக்கை செல்லாது என்று 2015 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; மறு ஆண்டு 1.4 கோடி டாலர் இழப்பீட்டோடு வழக்கு முடிவுக்கு வந்தது.

கோடீஸ்வரரின் விழாவில், பெரிய தொலைக்காட்சி நிறுவனத்தின் நிகழ்ச்சியில், ஒரு பங்க் குழு பாடியது கொள்கைத் துரோகம் ஆகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பங்கை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ரமோன்ஸ் ஒருபோதும் புகழை வெறுத்தவர்கள் அல்லர். வானொலியில் தங்கள் பாட்டு ஒலிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் 1980-இல் பழைய பாப் இசை மேதையான ஃபில் ஸ்பெக்டரைத் தயாரிப்பாளராக வைத்து ஓர் ஆல்பமே செய்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை கார்ட்டூன், பேய்ப்படம், கடற்கரைப் பாட்டு, பங்க் எல்லாம் ஒரே அமெரிக்கக் குப்பைத்தொட்டியில் கிடைத்த பொக்கிஷங்கள்.

அதோடு, கதைக்குள் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கூலிக்கு அழைக்கப்பட்ட வீட்டில், அழைத்தவரின் முகத்துக்கு நேரே கச்சேரியைப் பழித்துவிட்டு, வேலையைச் சுத்தமாக முடித்துக்கொடுத்து, போகும்போது ஒரு சாபமும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இதில் எந்த இடத்தில் சமரசம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. விருந்தினராக வரும் நட்சத்திரங்களைத் தலையில் தூக்கி வைத்து, கதையை நிறுத்தி, அவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று பாத்திரங்கள் வாயாலேயே சொல்லவைக்கும் வழக்கம் இந்தத் தொடரின் பிற்கால எபிசோடுகளில் பெருகியது. ரமோன்ஸின் காட்சி அந்த நோய்க்கு முந்தையது. ஸ்மிதர்ஸின் ஒரு வரி அறிமுகத்தைத் தாண்டி அவர்கள் யாரென்று யாரும் விளக்கவில்லை. சிம்ப்சன் வீட்டுப் பையன் பார்ட் ஓடிவந்து கையெழுத்துக் கேட்கவில்லை. பர்ன்ஸின் துயரத்தை இன்னும் ஒரு படி கூட்டுவதற்காக வந்தார்கள், கூட்டினார்கள், போனார்கள்.

வேறு பங்க் கலைஞர்கள் தொடரில் வந்திருக்கிறார்களா?

பிளிங்க்-182 குழு 2003 பிப்ரவரி 16 அன்று ஒளிபரப்பான எபிசோடில் வந்தது. பெற்றோரிடமிருந்து சட்டப்படி பிரிந்து தனியே குடியேறும் பார்ட், ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக்குடன் பழகும் கதை அது. குழுவினர் அங்கே ஒரு விருந்தில் வாசிப்பதோடு சரி. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

கிரீன் டே குழுவுக்குக் கிடைத்த இடம் பெரியது. 2007-இல் வெளிவந்த 'தி சிம்ப்சன்ஸ் மூவி' அவர்களுடைய கச்சேரியோடுதான் களைகட்டுகிறது. ஸ்பிரிங்ஃபீல்டு ஏரியில் மிதக்கும் மேடையில் தொடரின் தலைப்பு இசையை வாசித்துவிட்டு, பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு நிமிடம் பேச அனுமதி கேட்டதுமே, கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து எறிகிறது. மாசடைந்த தண்ணீர் மேடையையே அரித்துவிட, 'டைட்டானிக்' படத்து வயலின் கலைஞர்களைப் போல வாத்தியத்தோடு மூழ்குகிறார்கள். அடுத்து வரும் இரங்கல் பிரார்த்தனையில் அவர்களுடைய 'அமெரிக்கன் இடியட்' பாட்டு தேவாலய ஆர்கனில் இழவு இசையாக ஒலிக்கிறது. ரமோன்ஸ் காட்சிக்கு அருகில் வைக்கத் தகுந்தது என்று நான் நினைப்பது இதை மட்டுமே.

குரல் கொடுக்காமலேயே பகடிக்கு ஆளானவர்களும் உண்டு. 2008 பிப்ரவரியில் வந்த ஒரு காதலர் தின எபிசோடில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷஸாகப் பார்ட்டின் பள்ளியில் படிக்கும் நெல்சனும், சிட்டின் காதலி நான்சியாகப் பார்ட்டின் தங்கை லிசாவும் வருகிறார்கள். போதைப்பொருளுக்குப் பதிலாகச் சாக்லேட்.

'ரோஸ்பட்' எபிசோடுக்குப் பிறகு குழு என்ன ஆனது?

மூன்று ஆண்டுகளில் கலைந்தது. 1996 ஆகஸ்ட் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது கடைசிக் கச்சேரி. அவர்கள் கணக்குப்படி அது 2,263-ஆவது. ஜோயி 2001 ஏப்ரல் 15 அன்று, 50 வயது நிறைய ஒரு மாதமே இருந்தபோது, நிணநீர்ப் புற்றுநோயால் காலமானார். 2002-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் குழுவைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு டீ டீயும், 2004-இல் ஜானியும், 2014-இல் டாமியும் மறைந்தார்கள். முதல் இசைத்தட்டு அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளைத் தாண்டித் தங்கத்தட்டுச் சான்று பெற்றதும் 2014-இல்தான், வெளிவந்து 38 ஆண்டுகள் கழித்து. பவரி சாலையும் கிழக்கு 2-ஆம் தெருவும் சந்திக்கும் முனைக்கு 2003-இல் ஜோயி ரமோன் பெயரை நியூயார்க் நகரம் சூட்டியது.

கார்ட்டூனில் குரல் கொடுத்த நால்வரில் மார்க்கியும் சி.ஜே.யும் குழு கலைந்த பிறகும் தங்கள் சொந்த அணிகளோடு அந்தப் பாடல்களைத் தொடர்ந்து வாசித்தார்கள்.

முதன்முறையாகப் பார்க்க விரும்புகிறவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

காட்சியை மட்டும் தனியே வெட்டி வைத்திருக்கும் துணுக்குகளைத் தவிர்த்து, டிஸ்னி நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் தளத்தில் ஐந்தாம் சீசனைத் திறந்து முழு எபிசோடையும் பாருங்கள். பர்ன்ஸின் மனநிலை தெரிந்தால்தான் அந்த உத்தரவு சிரிப்பு மூட்டும். இருபத்திரண்டு நிமிடம்தான் ஆகும். வேனிட்டி ஃபேர் இதழ் 2007-இல் தொடரின் ஆகச் சிறந்த எபிசோடாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு முதல் ஆல்பத்தை ஆரம்பத்திலிருந்து கேட்கலாம். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். கிதார் ஒரு பக்க ஒலிபெருக்கியிலும் பேஸ் மறுபக்கத்திலும் கேட்கும்படி அன்று கலந்திருப்பதால், இரண்டு காதிலும் கேட்டால்தான் முழுக் குழுவும் வந்து சேரும்.